பிரசவத்துக்கு எந்த டாக்டர்? பாபநாசத்திலிருந்து மூன்று வழிகள்

என் தங்கச்சிக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை மூன்றரை வருடத்துக்கு முன் சென்னையில் பிறந்தது. தலை திரும்பவில்லை என்பதால், வலி வருவதற்கு முன்பே தேதி குறித்து சிசேரியன் செய்தார்கள். இப்போது அவள் குடியிருப்பது பாபநாசத்தில். ஏழாம் மாதம் பிறந்ததும் வீட்டில் ஆளுக்கொரு டாக்டர் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவளோ என்னிடம், "அக்கா, இந்தத் தடவையாவது வலி வந்து பெத்துக்க முடியுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றாள்.

கடைசியில் மூன்று வழிகள் நின்றன. முதலாவது, கும்பகோணத்தில் 20 படுக்கைகூட இல்லாத ஒரு நர்சிங் ஹோம். அதை நடத்தும் டாக்டரம்மாவிடம்தான் எங்கள் தெருவில் பாதிக் குழந்தைகள் பிறந்தன. இரண்டாவது, தஞ்சாவூரில் எல்லாத் துறையும் உள்ள ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. மூன்றாவது, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராசா மிராசுதார் அரசு மருத்துவமனை. மூன்றுக்கும் நேரில் போய்க் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். மகப்பேறு டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கும் வேறு வீடுகளுக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் பார்ப்பது போர்டைத்தான். கும்பகோணம் டாக்டரம்மாவின் போர்டில் எம்.பி.பி.எஸ்., டி.ஜி.ஓ. என்று இரண்டே பட்டங்கள். தஞ்சாவூர் தனியார் மருத்துவமனை டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.எஸ். (ஓ.ஜி.), டி.என்.பி., எம்.ஆர்.சி.ஓ.ஜி., எஃப்.எம்.ஏ.எஸ். என்று ஒரு வரி முழுக்க ஓடுகிறது. அம்மா அதைப் பார்த்ததுமே "இவங்கதான் நெறைய படிச்சிருக்காங்க" என்று முடிவு கட்டிவிட்டார். அந்த எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறுகிறது.

டி.ஜி.ஓ. என்பது எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மகப்பேறு, பெண்கள் நலத்தில் இரண்டு வருடம் படிக்கும் டிப்ளமோ. எம்.டி. (ஓ.ஜி.), எம்.எஸ். (ஓ.ஜி.) இரண்டும் மூன்று வருடப் படிப்பு, பெயர்தான் வேறு, பாடம் ஒன்றுதான். டி.என்.பி. என்பது தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டம்; எம்.எஸ்.ஸுக்குச் சமமானது. எம்.எஸ். முடித்தவர்களே டி.என்.பி. தேர்வையும் எழுதித் தேறியிருப்பது உண்டு. அதனால் இரண்டும் ஒரே போர்டில் இருந்தால் ஆறு வருடம் படித்தார் என்று கணக்குப் போட வேண்டாம். எம்.ஆர்.சி.ஓ.ஜி. லண்டன் ராயல் காலேஜ் மூன்று பகுதிகளாக நடத்தும் கடினமான தேர்வு. எஃப்.எம்.ஏ.எஸ். லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சைக்கான குறுகியகாலப் பயிற்சி. பிரசவத்துக்கு அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. சில போர்டுகளில் எஃப்.ஐ.சி.ஓ.ஜி. என்றும் இருக்கும். அது மகப்பேறு மருத்துவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பான ஃபாக்ஸியைச் சேர்ந்த கல்லூரி தரும் அங்கீகாரம். அந்த ஃபாக்ஸி 1950-ல் பிறந்தது நம் சென்னையில்தான்.

டிப்ளமோ என்று தெரிந்ததும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சமீப வருடங்களில் டிப்ளமோ இடங்களை எம்.எஸ். இடங்களாக மாற்றிவிட்டார்கள். ஆகவே இன்று டி.ஜி.ஓ. போர்டு மாட்டியிருப்பவர் பெரும்பாலும் வயதிலும் கைப்பழக்கத்திலும் மூத்தவர். எங்கள் டாக்டரம்மா அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் ஒரே இரவில் பத்துப் பதினைந்து பிரசவம் பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். 1844-ல் தொடங்கிய எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி காலத்திலிருந்து தமிழ்நாட்டு மகப்பேறு மருத்துவர்களை வளர்த்தவை இப்படிப்பட்ட வார்டுகள்தான். எத்தனை பட்டம் என்பதைவிட, எங்கே படித்தார், அங்கே என்ன பார்த்தார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

போர்டில் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டியது பதிவு எண். டாக்டர்கள் தங்கள் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஸ்கேன் எடுக்கும் இடமென்றால் 1994-ம் வருடச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற அறிவிப்பைத் தமிழில் மாட்டியிருக்க வேண்டும். மூன்று இடத்திலும் இவை சரியாக இருந்தன. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

நான் முக்கியமாகக் கேட்கப் போனது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்?

அதைக் கேட்கக் காரணம் உண்டு. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்தபின் கர்ப்பப்பை இறுகாமல் தளர்ந்து நின்றுவிட்டால், டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பி வரும் நேரம்கூட அதிகம்தான். அவசர சிசேரியனுக்கு, முடிவெடுத்ததிலிருந்து குழந்தை வெளியே வருவதற்குள் 30 நிமிடம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அந்த 30 நிமிடத்துக்குள் மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், தியேட்டர் சிஸ்டர், தேவையான வகை ரத்தம் எல்லாம் ஓரிடத்தில் சேர வேண்டும். நாம் போர்டில் ஒரு பெயரைத்தான் படிக்கிறோம். பிரசவம் அந்தக் கூட்டத்தின் கையில் இருக்கிறது.

கும்பகோணத்தில் டாக்டரம்மாவைப் பார்க்கச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனோம். எட்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். தங்கச்சியின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. "கீழ்ப் பக்கம் குறுக்கால போட்ட தையல். நல்லது" என்றார். சிசேரியனில் கர்ப்பப்பையை எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதை அந்தக் காகிதம்தான் சொல்லும். வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்துச் சொல்ல முடியாது. அதுவரை எனக்கும் இது தெரியாது. முதல் பிரசவத்துக் காகிதத்தைத் தொலைத்துவிட்டு நிற்கும் எத்தனையோ பெண்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு நாங்கள் கேட்காமலேயே அவர் சொன்னார்: "இங்க பாரும்மா, வலிக்கு விட்டுப் பார்க்க உனக்குத் தகுதி இருக்கு. ஆனா என்கிட்ட வசதி இல்ல. மயக்க டாக்டர் கூப்பிட்டாதான் வருவார், அரை மணி ஆகும். ரத்தம் வெளியிலேர்ந்து வரணும். ராத்திரி இங்க நானும் ரெண்டு சிஸ்டரும்தான். என்கிட்ட வந்தா 39 வாரத்துல ஆபரேஷன்தான் செய்வேன். சுகப்பிரசவம் வேணும்னா தஞ்சாவூர் போயிடு. மாசாமாசம் செக்கப் வேணா நான் பார்க்கறேன்."

வெளியே வந்ததும் அம்மாவுக்கு ஏமாற்றம். எனக்கோ அந்தம்மா மேல் மரியாதை இரட்டிப்பானது. தன்னால் எது முடியாது என்று எழுபதாயிரம் ரூபாய் பில்லைக் கைவிட்டுச் சொல்லும் டாக்டரிடம், முடியும் என்று அவர் சொல்வதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். தங்கச்சிக்கு இது முதல் பிரசவமாக இருந்து, சிக்கல் எதுவும் இல்லாமல், தலையும் சரியாகத் திரும்பியிருந்தால், தயங்காமல் அங்கேயே சேர்த்திருப்பேன். மாதாமாதம் ஒரே ஆள் பார்ப்பது, ராத்திரி போன் செய்தால் அவரே எடுப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் சாதாரண விஷயங்கள் இல்லை. வலியில் கிடக்கும் பெண்ணுக்குத் தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருப்பதே பெரிய பலம்.

தழும்பு உள்ள கர்ப்பப்பையின் கணக்கு வேறு. ஒரு சிசேரியனுக்குப் பிறகு வலிக்கு விட்டுப் பார்க்கும் பெண்களில், சரியாகத் தேர்ந்தெடுத்தால், நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. பழைய தையல் பிரியும் ஆபத்து சுமார் 200-ல் ஒருவருக்கு. முதல் சிசேரியன் எதற்காக நடந்தது என்பதைப் பொறுத்து வாய்ப்பு கூடும், குறையும். தலை திரும்பாததால் செய்தது என்றால் அந்தக் காரணம் திரும்ப வர வேண்டியதில்லை. வலி வந்து, கர்ப்பப்பை வாய் முழுதும் திறந்து, அப்படியும் குழந்தை இறங்காமல் செய்தது என்றால் யோசிக்க வேண்டும். இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். தங்கச்சிக்கு எல்லாமே சாதகம். ஆனால் அந்த 200-ல் ஒருவர் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால், தியேட்டர் கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்க வேண்டும். ஆசையை நிறைவேற்றுவதற்கு முன் அந்த நிமிடத்துக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இனி தஞ்சாவூர் தனியார் மருத்துவமனை. டாக்டர் இளையவர், தெளிவாகப் பேசினார், அவசரப்படவில்லை. வலிக்கு விட்டுப் பார்க்கலாம் என்றார். மயக்க மருந்து டாக்டர் இரவு முழுக்க உள்ளேயே இருக்கிறார், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் ரத்த வங்கியும் கட்டடத்துக்குள்ளேயே உண்டு. "நீங்களே வருவீங்களா மேடம்?" என்று கேட்டேன். மூன்று டாக்டர்கள் முறை வைத்துப் பார்ப்பதாகவும், அன்றைக்கு யார் முறையோ அவர்தான் வருவார் என்றும் சொன்னார். நேர்மையான பதில்தான். அப்படியானால் நான் தேர்ந்தெடுப்பது அவரை மட்டும் இல்லை, அந்த மூவரையும். மற்ற இருவரும் தழும்போடு வலிக்கு விட ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டதற்கு, "அந்த நேரத்து நிலைமையைப் பொறுத்து" என்றார். அங்கேதான் என் பேனா நின்றது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்த எண்ணை வைத்துத் தனியார் டாக்டர்கள் எல்லாம் காசுக்காக வெட்டுகிறார்கள் என்று சொல்வது அநியாயம். வலி வேண்டாம், நல்ல நேரத்தில் எடுத்துவிடுங்கள் என்று ஜாதகத்தோடு வரும் குடும்பங்களை நானே வரிசையில் பார்த்தேன். ஆனாலும் சிக்கலான கேஸ்களை எல்லாம் அனுப்பிவைக்கும் இடம் அரசு மருத்துவமனை. அங்கேயே இந்த விகிதம் குறைவு என்றால் சும்மா கடந்துபோக முடியாது. மொத்தம் எத்தனை சிசேரியன் என்று கேட்டால் எந்த டாக்டரும் கோபப்படுவார். "போன தடவை சிசேரியன் ஆனவங்க வலிக்குக் காத்திருந்தா, உங்ககிட்ட அதுல எத்தனை பேருக்கு நார்மல் ஆகுது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கோபம் வராது. தெரிந்தவர் பதில் சொல்வார்.

பணக் கணக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. "பேக்கேஜ்" என்று சொல்லும் தொகையில் குழந்தையின் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை நான்கு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தால், தாய்க்கு ஆன செலவை அது தாண்டிவிடும். ரத்தம், மயக்க மருந்து டாக்டர் கட்டணம், அறை மாற்றம் எல்லாமும் பல இடங்களில் தனி.

அரசு மருத்துவமனைக்கு வருவோம். அது உண்மையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குகிறது. கர்ப்பம் உறுதியானதும் எங்கள் பகுதி நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கிக் கொடுத்தார். தனியாரில் பெற்றாலும் அந்த எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். சுகர் டெஸ்டுக்கு 75 கிராம் குளுக்கோஸை அவரே கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பேச்சுக்கொடுத்து உட்கார வைத்து ரத்தம் எடுத்தார். 132. எல்லை 140. ஒரே தடவை ரத்தம் எடுத்தால் போதும் என்ற இந்த எளிய முறையைப் பரப்பியவர் சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் வி.சேஷய்யா. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்பதைத் தமிழ்நாடு முன்னாலேயே நடைமுறைப்படுத்திவிட்டது. மாதத்தின் 9-ம் தேதி சிறப்பு டாக்டர்கள் பார்க்கும் முகாமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணை தவணையாக வருகிறது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே இருப்பது யூனிட். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு தலைமைப் பேராசிரியர், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள். நீங்கள் போய்ச் சேரும் நாள் எந்த யூனிட்டின் நாளோ, அவர்கள் பார்ப்பார்கள். முகம் தெரியாத கைகள்தான். ஆனால் அந்தக் கைகள் 24 மணி நேரமும் கட்டடத்துக்குள்ளேயே இருக்கின்றன. மக்கள் சீமாங் என்று சொல்லும் மகப்பேறு அவசர சிகிச்சை மையத்தில் தியேட்டர், ரத்தம், மயக்க மருந்து, குழந்தை டாக்டர் எல்லாம் இரவும் பகலும் தயாராக இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பிற இடங்களில் கைவிட்ட கேஸ்களைத் தினமும் பார்ப்பதால், தையல் பிரிவதையும் ரத்தப்போக்கையும் புத்தகத்தில் படித்ததோடு நிற்காமல் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

குறைகளை மறைக்கவில்லை. எந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கூட்டம் இருக்கும். தனி அறையும், ஆற அமரப் பேசும் டாக்டரும் கிடைப்பது கஷ்டம். ஒரு பெண்ணை நாலைந்து மாணவர்கள் மாறி மாறிப் பரிசோதிப்பார்கள் என்ற பயம் தங்கச்சிக்கு இருந்தது, நியாயமான பயம். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்று சொல்லி வைத்தேன். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் வழக்கம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. அந்தத் துணை நான்தான் என்று முடிவானதும் அவள் முகம் தெளிந்தது.

இன்னொன்று பலர் யோசிப்பதில்லை. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் போக மீதி நேரத்தில் கிளினிக் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் நீங்கள் காசு கொடுத்துப் பார்க்கும் டாக்டர், காலையில் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்ப்பவராகவே இருக்கலாம். கேட்டால் சொல்வார்கள்.

ஒரு சின்ன விலகல், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. ஓ.ஜி. என்ற இரண்டு எழுத்தில் பிரசவமும் இருக்கிறது, கர்ப்பப்பை நோய்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே டாக்டர்தான் என்று நாம் பழகிவிட்டோம். சில வருடங்களுக்கு முன் அம்மாவுக்குக் கட்டி என்று, முதல் நாளே கர்ப்பப்பையை எடுக்கத் தேதி கொடுத்தார் ஒருவர். பயாப்ஸி இல்லை, மாத்திரை இல்லை, காப்பர் டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஒன்று இருப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்னொருவரிடம் காட்டினோம். அவர் ஒரு வருடம் மருந்தோடு பார்த்தார், மாதவிடாய் தானாக நின்றது, கட்டி சுருங்கியது. எல்லோருக்கும் இப்படி ஆகாது. எடுத்தே தீர வேண்டிய கட்டிகள் உண்டு. ஆனால் அந்த வேலைக்கு டாக்டர் தேடும்போது, அங்கே லேப்ராஸ்கோப்பி பயிற்சியும் மாதம் எத்தனை அறுவை சிகிச்சை என்பதும்தான் முதல் கேள்வி. பிரசவத்துக்குக் கைராசியான டாக்டரம்மாவிடமே அதற்கும் போக வேண்டும் என்பதில்லை. அவருக்கு அதனால் மனவருத்தமும் வராது.

முடிவு இதுதான். 34 வாரம் வரை செக்கப் எல்லாம் கும்பகோணம் டாக்டரம்மாவிடம். அவரே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: முதல் சிசேரியன் எதற்கு, எந்தத் தையல், இந்தத் தடவை சுகர், ரத்தத்தின் அளவு, ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, வலிக்கு விட விருப்பம். பழைய தழும்பின் மேல் நஞ்சுக்கொடி உட்கார்ந்திருந்தால் எல்லாக் கணக்கும் மாறியிருக்கும். அது மேலே, பின்பக்கம் இருந்தது. அதைக் காட்டி ராசா மிராசுதாரில் பெயர் பதிந்தோம். தனியார் மருத்துவமனையில் கடைசி வரை தங்கச்சிக்கு ஆசை இருந்தது, மாப்பிள்ளைக்கும்தான். அந்த மூன்று டாக்டர்களும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் அங்கேயே போயிருப்போம். தையல் போட்ட கர்ப்பப்பை இல்லாத ஒருத்தி, கையில் காசும் இருந்து தனி அறையும் அமைதியும் விரும்பினால், அங்கே போவதைத் தப்பென்று நான் சொல்லவே மாட்டேன்.

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் 25 கிலோமீட்டர் இருக்கும். வலி எடுத்தபிறகு அந்தத் தூரம் வேண்டாம் என்று, 37 வாரம் ஆனதும் அவளை மேல வீதியில் சித்தி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். போன வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நானும் மாப்பிள்ளையும் ஆட்டோவில் போய்ப் பார்த்தோம். வாசல் வரைக்கும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்த வாசல் ராத்திரியில் திறந்திருக்கும் என்று காவலரிடம் கேட்டுக்கொண்டோம். பை கட்டி வாசற்கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறது. பழைய வேட்டித் துணி, ஃபிளாஸ்க், பிக்மி அட்டை, டாக்டரம்மாவின் கடிதம். எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் உறையில், சென்னையில் கொடுத்த அந்த டிஸ்சார்ஜ் சம்மரி.